பணிவின் இலக்கணம்

தமிழிலக்கணகாரர் விளித்தலுக்குத் தனியிடம் வகுத்தவர்கள். எட்டு வேற்றுமைகளுள் இறுதியானது விளி. தொல்காப்பியர் அதனை ஏனைய ஏழனோடு சேர்த்து முடித்துவிடாது, சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலையே அதற்கென ஒதுக்கினார். எப்பெயர் எவ்வாறு திரிந்து விளியேற்கும், எது விளியேலாது, அண்மையில் நிற்போரை அழைக்குங்கால் சொல் எவ்வாறு நிற்கும், சேய்மையில் நிற்போரை அழைக்குங்கால் ஓசை எவ்வாறு நீளும் என்பனவெல்லாம் அங்கு நுணுகி ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு வினாவுக்கு மட்டும் அங்கு விடையில்லை. இலக்கண நூலிடம் அவ்விடையை எதிர்பார்ப்பதும் முறையன்று. ‘என்னை இவ்வாறுதான் விளிக்க வேண்டும்’ எனப் பிறனொருவனை வற்புறுத்தும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகின்றது? இவ்வினா அறத்தின்பாற்பட்டது. நமது பல்கலைக்கழகங்களில் ஒவ்வோராண்டும் புதிதாக எழும் வினாவும் இதுவே.

இவ்வினாவைப் பலரும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து அணுக இக்கட்டுரை முயல்கின்றது. பி.டி.எஸ்.எம். என்னும் பெயரால் அறியப்படும் பால்வாழ்க்கை முறையைத் தமதாகக் கொண்டோரிடையே வழங்கும் விளிமுறைகளையும் ஒழுகலாறுகளையும், நமது புதுமுக மாணவர்மீது பகிடிவதையின் பெயராற் சுமத்தப்படும் விளிமுறைகளோடு ஒப்பிட்டு நோக்குவதே அம்முயற்சி. இவ்வொப்பீட்டின் முடிவில் நாணித் தலைகுனிய வேண்டியவர்கள் அவர்களல்லர், நாமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இத்தகைய பொருள் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிற் பேசத்தக்கதோ எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கட்கு ஒன்றை நினைவூட்டலாம். வாழ்வை அகமெனவும் புறமெனவும் பகுத்து, அகத்துக்கு இலக்கணம் வகுத்த மொழி நமது மொழி. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை எனவும், ஒவ்வாக் காமத்தைப் பெருந்திணை எனவும் பெயரிட்டு, அவற்றையும் ஏழு திணைகளுள் அடக்கிய மரபு நமது மரபு. ஒழுக்கத்தினின்று விலகியதெனக் கருதியதைக்கூட மறைத்துவைக்காது, பெயரிட்டு ஆராய்ந்தனர் நம் முன்னோர். அவர்கள் கூசாத இடத்தில் நாம் கூசுவது மரபைப் பேணுவதாகாது.

முதலில் நமது மொழியை நோக்குவோம். ஆங்கிலத்தில் எதிரில் நிற்பவன் அரசனாயினும் ஆடுமேய்ப்பவனாயினும் முன்னிலைச் சொல் ஒன்றே. பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளில் அது இரண்டு. றொஜர் பிரவுண், அல்பேட் கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வொன்றில், இவ்விரு சொற்களின் வழக்கை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுக்களில் வைத்து விளக்கினர். அதிகார அச்சில் உயர்ந்தவன் ஒருமையைக் கொடுத்துப் பன்மையைப் பெறுகின்றான். ஒருமைப்பாட்டு அச்சில் இருவரும் ஒன்றையே கொடுத்து ஒன்றையே பெறுகின்றனர். கொடுக்கல் வாங்கலில் சமனின்மை எங்குண்டோ அங்கு அதிகாரம் உண்டு என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

தமிழிலோ இச்சமனின்மை பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுவதில்லை. நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் பலவாகின்றன. வினைமுற்றும் அப்படிகளிலேயே ஏறி இறங்குகின்றது. வா, வாரும், வாருங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேராது ஒருவரை நாம் அழைக்க இயலாது. எதிரில் இருப்பவனின் தகுதியை மதிப்பிடாமல் ஒரு சாதாரண வாக்கியத்தைக்கூட முடிக்க நமது மொழி நம்மை விடுவதில்லை. இதில் ஒரு முரண் உண்டு. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கினால் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே தெளிவுபடுத்தியுள்ளார். மரியாதைப் பன்மை இயற்கை விதியன்று, மாந்தர் தம்முள் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு என்பதை இதைவிடத் தெளிவாக எவர் கூறவியலும்? மாந்தர் ஏற்படுத்திய ஒழுங்காயின், அதனை ஏற்படுத்தியோர் யார், ஏற்றுக்கொண்டோர் யார், ஏற்குமாறு பணிக்கப்பட்டோர் யார் எனக் கேட்பதற்கும் இடமுண்டு.

எடுத்துக்காட்டாக, மட்டக்களப்பு நகரின் வடபால் வாவியை அண்டியமைந்த அமிர்தகழியை நோக்கலாம். மாமாங்கேஸ்வரர் ஆலயமும் அதன் தீர்த்தக்குளமும் இவ்வூரின் அடையாளங்கள். இங்கு வளரும் ஒரு பிள்ளை எத்தனை விதமான விளிகளைக் கேட்டு வளர்கின்றது! மூத்தோர் அதனை ‘மனே’ என அழைக்கின்றனர். ஒத்த வயதினர் ‘மச்சான்’ என்கின்றனர். ‘என்னகா’, ‘வாகா’ எனச் சொல்லின் ஈற்றில் வந்தொட்டும் ‘கா’ என்னும் இடைச்சொல் நெருக்கத்தைப் புலப்படுத்துகின்றது. இவையனைத்தும் ஒருமைப்பாட்டின் விளிகள். மறுபுறத்தில், கோயிலுக்குச் சென்றால் வண்ணக்கர் என்னும் பதவிப்பெயர் மரியாதையோடு ஒலிக்கின்றது. வயலோடு தொடர்புற்ற முந்திய வாழ்க்கையில் போடியார் என்னும் பெருநிலக்காரர் வயலில் உழைப்போரை ஒருமையில் ஏவினார். உழைப்போர் அவரைத் திருப்பி ஒருமையில் அழைத்ததில்லை. எந்தக் குடிக்கு எந்த வரிசை, எவருக்கு முதல் மரியாதை என்பவற்றை இப்பிரதேசம் எத்துணை நுட்பமாக வகுத்திருந்தது என்பதை, எவ். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டு பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ காட்டும். ஒரே சொல் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் நிற்றலும் உண்டு. மட்டக்களப்பில் அம்மன் கோயிற் பூசகரைக் கட்டாடியார் என மதித்தழைப்பர். யாழ்ப்பாணத்திலோ கட்டாடி என்பது சலவைத் தொழில் செய்வோரைக் குறிக்க வழங்கிய சொல். உயர்வும் தாழ்வும் சொல்லில் இல்லை, அதனை வழங்குவோரின் உறவிலேயே உள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்விளிகளுள் எதனையும் அப்பிள்ளையிடம் கேட்டு எவரும் நிச்சயிக்கவில்லை. பிறப்போடும் பாலோடும் சாதியோடும் சொத்தோடும் அவை வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினரை நயினார் எனவும் நாச்சியார் எனவும் விளிக்கக் கட்டுப்பட்டிருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. தமிழகத்தில் 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் பின்னே ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தமையும் இங்குக் கருதத்தக்கது. ஒரு பெயரின் வாலை அறுப்பதற்கே ஒரு மாநாடு வேண்டியிருந்தது என்றால், விளிக்குள் உறையும் அதிகாரத்தின் வன்மை எத்தகையது என உணரலாம்.

இனி, ஒப்பீட்டின் மறுபக்கத்துக்கு வருவோம். பி.டி.எஸ்.எம். என்பது ஆறு சொற்களை நான்கெழுத்தில் அடக்கிய குறுக்கம். கட்டுதலும் கட்டொழுங்கும், ஆளுதலும் பணிதலும், நோவு தருதலும் நோவு பெறுதலும் என அவற்றைத் தமிழிற் கூறலாம். இக்குறுக்கம் 1990களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. இது குறிக்கும் நாட்டமோ பழையது. ஒஸ்திரிய எழுத்தாளரான சாகர் மசோக் 1870ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலொன்றில், தலைவன் தான் காதலிக்கும் பெண்ணுக்கு அடிமையாவதாக ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடுகின்றான். அவள் அவனது இயற்பெயரை நீக்கி, ஏவலாளன் ஒருவனுக்குரிய புதுப்பெயரைச் சூட்டுகின்றாள். அப்பெயர் மாற்றமும் அவன் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் இடம்பெறுகின்றது என்பது நமது நோக்குக்கு முதன்மையானது. அந்நூலாசிரியரின் பெயரையே மருத்துவர்கள் ஒரு நோயின் பெயராக்கினர். நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டமுடையோர் அனைவரும் நோயாளர் என்றே எண்ணப்பட்டனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, ஒருவரின் வழமைமாறிய நாட்டத்தை நோயினின்றும் வேறுபடுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய் வகைப்பாட்டில், இசைவோடு கூடிய இவ்வொழுக்கம் நோய்களின் நிரலிலிருந்து நீங்கியது. இசைவில்லாதவர்மீது இழைக்கப்படும் கொடுமைசார் நாட்டமே அங்கு எஞ்சியது. மருத்துவம் நெடுங்காலம் தடுமாறியபின் வந்தடைந்த எல்லைக்கோடு இசைவு என்னும் ஒரே சொல்லே.

அக்கோட்டை மருத்துவர்கள் வரையுமுன்னரே அம்மக்கள் தாமே வரைந்திருந்தனர். இரண்டாம் உலகப்போரின் பின் அமெரிக்க நகரங்களில் இந்நாட்டமுடையோர் சிறு சிறு கழகங்களாகக் கூடினர். லாரி டவுன்சென்ட் என்பவர் 1972இல் அவர்தம் வழக்குகளைக் கைந்நூலாக எழுதினார். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘சமுவா’ என்னும் பெண்கள் குழு தோன்றியது. 1983ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் இயங்கிய குழுவொன்று பாதுகாப்பு, தெளிந்த அறிவு, இசைவு என்னும் மூன்றையும் தமது ஒழுக்கத்தின் அளவுகோலாக முன்வைத்தது. இந்தியாவிலும் ‘கிங்கி கலெக்டிவ்’ என்னும் குழுவினர் இசைவு பற்றிய உரையாடல்களை நடத்தி வந்துள்ளனர்.

இவர்களது விளிமுறைகள் மேலோட்டமாக நோக்குவாரைத் திடுக்கிடச் செய்வன. ஆளுபவர் ‘மாஸ்டர்’, ‘மிஸ்ரஸ்’, ‘சேர்’ என விளிக்கப்படுகின்றார். பணிபவர் தம்மை அடிமை எனக் கூறிக்கொள்வதுண்டு. ‘நான்’ என்பதைத் தவிர்த்துப் படர்க்கையில் ‘இவ்வடிமை’ எனப் பேசுவதுமுண்டு. எழுத்தில், ஆளுபவரைக் குறிக்கும் சொற்களைப் பேரெழுத்திலும் தம்மைக் குறிக்கும் சொற்களைச் சிற்றெழுத்திலும் தொடங்குவோர் உளர். ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல்லிலும் வினைமுற்றிலும் உயர்வு தாழ்வு இல்லாமையால் எழுத்துருவிலே அதனைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று. நமது மொழியில் அத்தகைய உத்தி எதுவும் வேண்டியதில்லை. அவர்கள் முயன்று உருவாக்குவதை நாம் தாய்ப்பாலோடு பெற்றுவிட்டோம். அவர்கள் ஒரு மாலைப்பொழுதுக்கு ஏற்கும் படிநிலையில் நாம் வாழ்நாள் முழுதும் குடியிருக்கின்றோம்.

ஆனால் இவ்விளிகளைச் சூழ அவர்கள் எழுப்பியுள்ள வேலியை நோக்குங்கள். அவ்வேலியின் கால்கள் ஐந்தெனக் கொள்ளலாம்.

முதலாவது, விளி உறவைப் பற்றியது, பதவியைப் பற்றியதன்று. ஒருவர் தம்மை மாஸ்டர் எனக் கருதலாம். அதனால் உலகில் எவரும் அவரை அவ்வாறழைக்கக் கடமைப்பட்டவராகார். முன்பின் அறியாத ஒருவரிடம் ‘என்னை சேர் என அழை’ எனக் கேட்பவர் அவர்களிடையே பண்பற்றவரெனவே கருதப்படுவார். தம்மைப் பணிபவரெனக் கூறிக்கொண்ட ஒருத்தியை அறிமுகமில்லாத ஒருவன் அடிமை என அழைத்தல் பெரும்பிழை. அவள் பணிவது தான் தேர்ந்த ஒருவருக்கே, ஊருக்கெல்லாமன்று.

இரண்டாவது, எல்லைகள் முன்னரே பேசித் தீர்க்கப்படுகின்றன. எதனைச் செய்யலாம், எதனை எக்காரணங்கொண்டும் செய்யலாகாது, எச்சொல்லால் அழைக்கலாம், எச்சொல் உள்ளத்தைப் புண்படுத்தும் என்பன இருவரும் சமநிலையில் அமர்ந்து பேசுபவை. பணிவு தொடங்குவதற்கு முன்னே சமத்துவம் நிகழ்ந்தாக வேண்டும்.

மூன்றாவது, விளிக்கு இடமும் காலமும் உண்டு. உணவகங்களில் சாதாரண உடையிற் கூடி அளவளாவும் சந்திப்புக்களில் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பெயராலேயே அழைப்பர். ஒருவரின் மெய்ப்பெயரையோ அவரது நாட்டத்தையோ அவரறியாது வெளியே கூறுதல் மன்னிக்கப்படாத குற்றம்.

நான்காவது, காப்புச்சொல். ஆட்டத்தினுள் ‘வேண்டாம்’ என்பதும் நடிப்பின் பகுதியாகலாம் என்பதால், நடிப்புக்குப் புறத்தே நிற்கும் ஒரு சொல்லை முன்கூட்டியே நிச்சயிக்கின்றனர். வீதிச் சமிக்ஞை விளக்கைப் பின்பற்றிச் சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் தணி எனக் கொள்வது பரவலான வழக்கு. வாய் கட்டப்பட்டவர் கையிலொரு பொருளைக் கொடுத்துவைப்பர். அது கீழே விழுந்தால் ஆட்டம் நிற்கும். அச்சொல் ஒலித்த கணத்தில் எத்துணை உயர்ந்த பட்டமும் பயனற்றுப் போகின்றது. பணிபவரின் ஒரு சொல்லுக்கு ஆளுபவர் பணிகின்றார்.

ஐந்தாவது, பிற்பேணல். ஆட்டம் முடிந்ததும் நீரளித்து, போர்வை போர்த்தி, அருகிருந்து பேசி, உடலும் உள்ளமும் இயல்புநிலைக்கு மீளும் வரை துணைநிற்றல் ஆளுபவரின் கடமை. பெயர்கள் பெயர்களாக மீள்கின்றன.

இவ்வேலி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆடியிலும் வைகாசியிலும் மட்டக்களப்புக் கிராமங்களின் அம்மன் கோயில்களில் நிகழும் சடங்குகளைக் கண்டோர் இதனை உணர்வர். முள்ளுக்காவடி எடுப்போரும் தீமிதிப்போரும் தாமே நேர்ந்துகொண்டு நோவை ஏற்கின்றனர். அதற்கு முன் விரதநாட்கள் உண்டு. அருகே தாங்கிச் செல்வோர் உண்டு. முடிவில் நீரும் திருநீறும் உண்டு. தெய்வமேறி ஆடுபவர் எவரையும் ஒருமையில் விளிப்பார். ஊர்ப் பெரியவரும் கைகூப்பி நிற்பார். கும்பம் சொரிந்து சடங்கு முடிந்தபின் அவ்வுரிமை முடிகின்றது. மறுநாள் கடைத்தெருவில் அவர் எவரையும் அவ்வாறு ஏவ முடியாது. பத்தியையும் பாலின்பத்தையும் ஒன்றெனக் கூறுவது இங்கு நோக்கமன்று; அவற்றின் பொருள் வேறு, பயன் வேறு. தாமே ஏற்றதும், எல்லையும் முடிவும் உடையதுமான பணிவு மனிதரைச் சிறுமைப்படுத்துவதில்லை என்பதை நமது மக்கள் நெடுங்காலமாக அறிவர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி நமது வாயிலுக்கு வருவோம். அமிர்தகழியிலே மனே எனவும் மச்சான் எனவும் அழைக்கப்பட்டு வளர்ந்த அப்பிள்ளை, இரவுபகலாகப் படித்துப் பல்கலைக்கழகம் புகுகின்றது. வந்தாறுமூலையாயினும் பேராதனையாயினும் யாழ்ப்பாணமாயினும் கொழும்பாயினும் அதற்குக் கிடைக்கும் முதற்பாடம் பாடநெறியைச் சார்ந்ததன்று. இன்னாரை இன்னவாறு விளி. நிலத்தை நோக்கி நட. இன்ன உடையை உடு. உன் பெயர் இனி இது. இதனைக் குறிக்க ஈழத்துத் தமிழ் பகிடிவதை எனத் தானே ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டது. பகிடியும் வதையும் இணைந்த அச்சொல்லில், செய்பவனுக்கு எஞ்சுவது பகிடி, படுபவனுக்கு எஞ்சுவது வதை. ஒரே செயலை இருவர் இருவேறு பெயரால் அழைக்க வேண்டியிருப்பின் அங்கு இசைவு இல்லையென்பது வெளிப்படை.

இது வெறும் சொல்லோடு போவதுமில்லை. 1975இல் பேராதனையில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதியின் மாடியிலிருந்து குதித்த மாணவியொருத்தி வாழ்நாள் முழுதும் நடக்கவியலாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், வலிந்து செய்விக்கப்பட்ட உடற்பயிற்சிகளின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அதன் பின்னர் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு விளைவிக்கும், அல்லது மனவேதனையையோ அச்சத்தையோ உண்டாக்கும் செயல் எதுவும் அதனுள் அடங்கும். ஈராண்டு வரையும், பாலியற் துன்புறுத்தலோ கடுங்காயமோ நிகழின் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் பகிடிவதை ஒழிந்தபாடில்லை.

மேற்கூறிய ஐந்து கால்களையும் இங்கு நட்டுப் பாருங்கள். விளி உறவைப் பற்றியதா? இல்லை, ஓராண்டு முன்னர் புகுந்தமையே பதவியாகின்றது, அப்பதவிக்கு முன் எல்லாப் புதுமுகங்களும் அடிமைகள். எல்லை பேசப்பட்டதா? பேசுவதற்கு வாய் திறந்ததே குற்றமாகக் கொள்ளப்படும். இடமும் காலமும் உண்டா? விடுதி, உணவுச்சாலை, பேருந்துத் தரிப்பிடம், நள்ளிரவு என எங்கும் எப்போதும் அது தொடரும். காப்புச்சொல் உண்டா? எச்சொல்லைச் சொன்னாலும் வதை பெருகும். பிற்பேணல் உண்டா? அழுதவனுக்குக் கோழை என்றொரு பெயர் கூடுதலாகக் கிடைக்கும். ‘வேண்டாம்’ என்பது வேண்டாம் எனப் பொருள்படாத இடம் அவர்களது மறைவறையில் ஓர் ஒப்பந்தத்தால் உண்டாகின்றது. நமது விடுதிகளில் அது ஒப்பந்தமின்றியே உண்டாகின்றது. இவ்விரண்டினுள் எதனை நாம் இதுகாறும் விகாரம் என அழைத்து வந்தோம்?

இதனினும் வருந்தத்தக்கது நமது உறவுச்சொற்களுக்கு நேர்ந்த கதி. அண்ணா, அக்கா என்பன காவலையும் பரிவையும் சுமந்த சொற்கள். அண்ணன் எனப்படுபவன் தம்பிக்கு முன்னே நின்று அடியை வாங்குபவன். அச்சொல்லை அச்சுறுத்தி வாங்குபவன், அதன் பொருளைக் கொன்று ஓசையை மட்டும் எடுத்துக்கொள்கின்றான். ஆங்கிலத்து மாஸ்டர் என்னும் சொல் அடிமைமுறையின் கறை படிந்தது. அதனை இசைவு என்னும் நீரிற் கழுவி இருவருக்கிடையேயான அன்பின் சொல்லாக்க அவர்கள் முயல்கின்றனர். நாமோ அன்பின் சொல்லை எடுத்து அதிகாரத்தின் கறையைப் பூசுகின்றோம்.

இதற்கு எதிராகச் சில வாதங்கள் எழக்கூடும். புதுமுக மாணவரும் விரும்பியே இதனை ஏற்கின்றனர் என்பது ஒன்று. மறுத்தால் தனிமைப்படுத்தப்படுவான், விடுதியில் இடமிழப்பான், குறிப்புக்களும் தோழமையும் கிட்டா என்னும் நிலையில் தலையசைப்பவனின் தலையசைப்பை இசைவெனக் கொள்ளலாகாது. மறுக்கும் வழி திறந்திருக்கும்போது மட்டுமே ஏற்றலுக்குப் பொருளுண்டு.

பகிடிவதை நகரத்தானையும் கிராமத்தானையும், ஆங்கிலம் அறிந்தோனையும் அறியாதோனையும் சமமாக்குகின்றது என்பது மற்றொன்று. இவ்வாதத்தில் ஒரு நல்ல விருப்பம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வர்க்கமும் சாதியும் பிரதேசமும் பிரித்துவைத்த இளைஞர் ஒன்றுபட வேண்டியவர்களே. ஆனால் எல்லாரையும் ஒருங்கே தாழ்த்தி வைப்பது சமத்துவமாகாது. அச்சமத்துவத்தின் மேலே அதனை நடத்துபவன் ஒருவன் நிற்கின்றான். அடுத்த ஆண்டு அவ்விடத்தில் நிற்பதற்காகவே இவ்வாண்டு மற்றவன் பொறுத்துக்கொள்கின்றான். போடியாரின் இடத்துக்கு வயற்காரன் முறைவைத்து ஏறுவதால் போடியார் முறை ஒழிந்துவிடுமா? சமத்துவம் வேண்டுவோர்க்கு ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தக்குளத்திற் காணும் காட்சி போதும். தந்தையை இழந்தோர் பல்லாயிரவர் ஒரே நீரில் இறங்குகின்றனர். எவரும் எவரையும் தாழ்த்தவில்லை. துயரும் நீரும் பொதுவாகின்றன.

மூன்றாவது வாதம் மறுபக்கத்திலிருந்து வருவது. பணிதலுக்கு ஒருவர் இசைவதே அடிமைச் சிந்தையின் விளைவன்றோ எனப் பெண்ணியச் சிந்தனையாளர் பலர் 1980களிலேயே வினவினர். கணவனை ஆண்டவன் எனக் கொள்ளுமாறு வளர்க்கப்பட்ட பெண்ணின் இசைவு எவ்வளவு தூரம் அவளுடையது என்னும் கேள்வி நமது சமூகத்தில் இன்னும் கூர்மையானது. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் 1993இல், உடற்காயம் ஏற்படும்வழி இசைவு ஓர் எதிர்வாதமாகாதென மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தமையும் இத்தயக்கத்தையே காட்டும். இசைவின் பெயரால் வன்முறையை மறைப்போர் அச்சமூகத்தினுள்ளும் உண்டு. பட்டத்தைக் கவசமாக்கிக் கொள்வோர் எங்கும் உளர். ஆயின் இவ்வாதத்தை ஏற்போர், அதன் முழு நிறையையும் நம்மீதே முதலில் வைத்து நிறுக்க வேண்டியவராவர். கேட்டுப் பெற்ற இசைவே ஐயத்துக்குரியதென்றால், கேட்கவே படாத பணிவை என்னென்பது?

இறுதியாக, மரியாதை நமது பண்பாடு என்பர். மெய்தான். ஆயினும் மரியாதை கொடுப்பவனுடைய பொருள். அவன் கொடுக்குமுன் அது எவருக்கும் உரியதன்று. பறித்தெடுத்தால் அது மரியாதையாக இராது, திறையாகிவிடும். இவ்விடத்தில் விரிவுரையாளரும் விலகி நிற்கவியலாது. வகுப்பறையில் ‘சேர்’ என்னும் விளி ஒலிக்காவிடின் முகம் கறுப்பவரும், மாணவரை நீ எனவும் டா எனவும் உரிமையோடு அழைப்பதாக எண்ணுபவரும், பகிடிவதையின் முதலாசிரியர்கள் தாம் என்பதை உணர்தல் வேண்டும். சிரேஷ்ட மாணவன் இரவில் நிகழ்த்துவது விரிவுரையாளர் பகலில் நடத்தியதன் பேய்நிழலே. சுவீடன் நாட்டில் 1967இல், மருத்துவத் துறையின் உயர் தலைவரொருவர் தம் ஊழியர் அனைவரும் தம்மை ஒருமையில் விளிக்கலாமென அறிவித்தபோது, அந்நாட்டின் விளிமுறை விரைந்து மாறியது. மாற்றம் மேலிருந்து தொடங்கியது. மேலே இருப்பவர்களே துறப்பதற்கு ஏதேனும் உடையவர்கள்.

நாம் ஒருமைக்கு மாறவேண்டும் என்பதில்லை. நீங்கள் என்னும் சொல்லின் அழகு நம்முடையது. அதனை இருவழியாக்குவோம். புதிதாக வரும் மாணவரிடம் முதல்நாளில் ஒரேயொரு வினாவைக் கேட்போம்: ‘உங்களை எவ்வாறு அழைக்கலாம்?’ அவர் கூறும் பெயரால் அழைப்போம். அண்ணா எனவோ அக்கா எனவோ அழைப்பது அவரது விருப்பத்துக்கு உரியதாகட்டும். அழைக்காதவர் எதனையும் இழக்காதிருக்கட்டும். எவரேனும் ‘போதும்’ என்றால் அச்சொல் உடனே செல்லுபடியாகட்டும். அதனைக் கேட்டும் நிறுத்தாதவரை மாணவர் ஒன்றியமும் பீடமும் சட்டத்தின் முன் நிறுத்தட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் சட்டமே போதுமானது.

உலகம் இழிவெனத் தள்ளிய ஒரு சிறு கூட்டம், பணிவைக் கேட்டுப் பெறவேண்டும், சொன்ன கணத்தில் நிறுத்தவேண்டும் என்னும் இரு விதிகளைத் தன் இருட்டறையில் எழுதி வைத்திருக்கின்றது. விளிக்கு இலக்கணம் கண்ட மொழியைப் பயில்வோர், பட்டப்பகலில், பல்கலைக்கழக வாயிலில் அவ்விரு விதிகளையும் எழுதிவைக்கத் தயங்குவது ஏன்? அடுத்த கல்வியாண்டில் அவ்வாயிலைக் கடந்து வருவோர்க்கு நாம் அளிக்கவேண்டிய விடை இது.